பாசியின் உயிரணுவில் நொதி எங்கே இருக்கிறது?



தோட்டப்புறத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தில் போய் வரும் ஒரு மாணவி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கடிதத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்விதான். "ஐயா, எங்கள் பாடநூலில் உயிரணுவின் படம் இருக்கிறது. இந்த நொதி இந்த அறையில் இருக்கிறது, அந்த நொதி அந்த அறையில் இருக்கிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். உயிரணுவே கண்ணுக்குத் தெரியாது. அதற்குள்ளே அறை, அறைக்குள்ளே நொதி. இதை யார் பார்த்தார்கள்? அப்பாவைக் கேட்டால், படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், நீ மனப்பாடம் செய் என்கிறார். அப்படித்தானா?"

நேயர்களே, நானும் இதே பாடத்தை இதே படத்தோடு படித்தவன்தான். எனக்கு இந்தக் கேள்வி அப்போது தோன்றவில்லை. மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். ஆகவே இந்த மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன். அவளுடைய அப்பாவும் அருகில் உட்கார்ந்து கேட்டால் மகிழ்ச்சி அடைவேன்.

முதலில், ஒரு நொதி எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். இருந்தால் போதாதா? போதாது. நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காத காலத்தில் நம் பாட்டன் பாட்டிமாரை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கிழங்குதான். ஆனால் அதைத் தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லுவார்கள். காரணம் என்ன? மரவள்ளியின் உயிரணுவுக்குள் ஒரு நீர்ப்பை இருக்கிறது. அந்தப் பையில் லினமாரின் என்ற ஒரு பொருள் கரைந்திருக்கிறது. அதை உடைக்கக்கூடிய நொதியோ அந்தப் பைக்குள் இல்லை. உயிரணுவின் வெளிச்சுவரில் இருக்கிறது. செடி நலமாக நிற்கும்வரை இரண்டும் சந்திப்பதே இல்லை. ஓர் ஆடு இலையை மென்றாலோ, நாம் கிழங்கை வெட்டினாலோ, பை கிழிகிறது, இரண்டும் கலக்கின்றன, சயனைடு என்ற கொடிய நஞ்சு பிறக்கிறது. பொருளும் அதேதான், நொதியும் அதேதான். இருக்கும் இடம் மாறியதும் உணவு நஞ்சாகிவிட்டது. நம் பால்மரத்தின் இலையிலும் விதையிலும் கூட இந்த லினமாரின் உண்டு.

நொதி என்றால் என்ன என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் என்சைம் என்பார்கள். உயிரணுவுக்குள் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையாள் அது. ஒரு நொதிக்கு ஒரு வேலை. பால் வெட்டுகிறவர் பால் வெட்டுவார், களை எடுக்கிறவர் களை எடுப்பார் என்பதைப் போல. உயிரணுவைத் தோட்டமாக நினைத்தால், அதில் ஆலை உண்டு, ஸ்டோர் உண்டு, அலுவலகம் உண்டு. பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தைப் பால் தொட்டிக்குப் பக்கத்தில் திறந்து வைப்போமா? பூட்டிய ஸ்டோரில்தான் வைப்போம். உயிரணுவும் அப்படித்தான் செய்கிறது.

சரி, எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குத் தண்ணீரில் வளரும் பாசியைப் போல உதவிய உயிர் குறைவு. குட்டையில் பச்சை நூல் நூலாக, கையில் எடுத்தால் வழவழவென்று நழுவும் பாசியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பைரோகைரா என்று பெயர். அதன் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்தால், கண்ணாடிக் குழாய்க்குள் பச்சை ரிப்பனைச் சுருட்டி வைத்தது போலத் தெரியும். அந்த ரிப்பன்தான் பச்சையம் இருக்கும் இடம்.

1880-களில் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் எங்கல்மன் என்ற ஆராய்ச்சியாளர் இந்தப் பாசியை வைத்து ஓர் அழகான காரியம் செய்தார். உயிர்க்காற்று எங்கே இருக்கிறதோ அங்கே மொய்க்கும் ஒருவகை நுண்கிருமிகள் உண்டு. அவற்றைப் பாசி இருக்கும் நீர்த்துளியில் விட்டார். பிறகு ஊசிமுனை அளவு வெளிச்சத்தைப் பாசியின் மேல் பாய்ச்சினார். வெளிச்சம் பச்சை ரிப்பனில் பட்டபோது கிருமிகள் அந்த இடத்துக்கு வந்து மொய்த்தன. ரிப்பன் இல்லாத நிறமற்ற பகுதியில் பட்டபோது மொய்க்கவில்லை. உயிர்க்காற்று பிறப்பது ரிப்பனில்தான் என்று தெரிந்தது. உயிர்க்காற்றை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதன் தடத்தைப் பார்த்தார். இரவில் காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டிவிட்டுப் போகிறது. பன்றியை நாம் பார்க்கவில்லை. காலையில் குளம்புத் தடத்தைப் பார்த்து எந்தப் பக்கம் வந்தது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுகிறோமே, அதைப் போல.

எங்கல்மன் கண்டது வேலை நடக்கும் இடத்தை. அந்த வேலையைச் செய்யும் நொதியைத் தனியாகக் கண்டுபிடிக்க இன்னும் எழுபது எண்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. உயிரணுவை உடைத்துப் பிரித்துப் பார்ப்பது ஒன்று. உடைக்காமல் இருந்த இடத்திலேயே அடையாளம் போடுவது மற்றொன்று.

உடைக்கும் வழியில் என்ன ஆபத்து என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்லுகிறேன். மாணவனாக இருந்தபோது, ஒரு கைப்பிடி பாசியைக் கல்லுரலில் போட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு மசிய அரைத்தேன். துணியில் வடிகட்டினேன். வடிந்த நீரில் நொதியின் வேலை தெரிந்தது. ஆகவே நொதி உயிரணுவின் சாற்றில் இருக்கிறது, எந்த அறையிலும் இல்லை என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். "வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, சமையலறை முற்றத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறாய்" என்றார். அன்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டை இடிக்காமல் திறப்பது எப்படி? உயிரணுவின் அறைகளெல்லாம் மெல்லிய தோல் பைகள். பச்சைத் தண்ணீர் பட்டால் தண்ணீரைக் குடித்து உப்பி வெடித்துவிடும். அதனால் பனிக்கட்டிக் குளிர்ச்சியில், சர்க்கரை கரைத்த நீரில், மெதுவாக உடைக்க வேண்டும். பெல்ஜிய நாட்டில் லூவேன் நகரில் கிறிஸ்தியான் டி டூவ் என்பவர் 1949-இல் எலியின் ஈரலை இவ்வாறு பக்குவமாக அரைத்து ஒரு நொதியை அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி அளந்தார். நொதியின் வேலை பல மடங்கு கூடியிருந்தது! செத்த ஈரலில் நொதி எப்படிப் பெருகும்? பெருகவில்லை. அது பைக்குள் அடைபட்டிருந்தது. நாள்பட்டதும் பை கசிந்து வெளியே வந்தது. மற்றவராக இருந்தால் அளவில் பிழை என்று கொட்டிவிட்டிருப்பார். டி டூவ் அந்தப் பையைத் தேடிப் போனார். லைசோசோம் என்ற அறை தெரிந்தது. பின்னால் 1965-இல் பெராக்சிசோம் என்று இன்னோர் அறைக்கும் பெயரிட்டார். 1974-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேறு இருவரோடு பகிர்ந்து கொண்டார்.

நேயர்களே, இந்தப் பை விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. தினமும் காலையில் நீங்கள் கண்ணால் பார்த்ததுதான். மரத்தை வெட்டினால் பால் வடிகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? பாலுக்குள் லுட்டாய்டு என்று கோடிக்கணக்கான நுண்பைகள் மிதக்கின்றன. டி டூவ் கண்ட அறைக்கு உறவான பைகள் அவை. வெட்டிய இடத்தில் அவை உடைகின்றன. உள்ளே இருப்பது வெளியே வந்து பாலை உறைய வைத்து வெட்டுவாயை அடைக்கிறது. 1960-களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பாலை மிக வேகமாகச் சுழற்றினால் அது அடுக்கு அடுக்காகப் பிரியும்: மேலே வெள்ளை வெளேரென்று ரப்பர், நடுவே தெளிந்த நீர், அடியில் மஞ்சள் சாயலில் இந்தப் பைகள். திரவப்பாலைச் சுழல் இயந்திரத்தில் விட்டு நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ள கெட்டிப்பாலாக மாற்றும் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும்.

பாசியின் உயிரணுவுக்கும் அதே முறைதான். சோதனைக் குழாயில் அடியில் கெட்டியான சர்க்கரைப் பாகு, மேலே போகப் போக நீர்த்த பாகு. அதன்மேல் பக்குவமாக உடைத்த பாசிச் சாற்றை விட்டு, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று வேகத்தில் மணிக்கணக்காகச் சுழற்றுவார்கள். ஒவ்வோர் அறையும் தன் கனத்துக்கு ஏற்ற பாகில் போய் நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியா என்ற மூச்சறை ஓரிடத்தில், அதைவிடக் கனமான பெராக்சிசோம் அதற்குக் கீழே. பிறகு குழாயின் அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாகப் பிடித்து, எந்தச் சொட்டில் நொதியின் வேலை தெரிகிறது என்று அளப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாசிக்கு வெளிச்சுவர் உறுதியானது. சுவரை உடைக்கும் பலத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் பை நொறுங்குகிறது. பை நொறுங்காதபடி தடவிக் கொடுத்தால் சுவர் உடைவதில்லை. இந்த இழுபறியில் பலர் ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். இது கிளைக்கோலேட் என்ற பொருளைப் பற்றியது. பச்சை இலையில் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் ஒரு நொதி உண்டு. ரூபிஸ்கோ என்பார்கள். நல்ல உழைப்பாளி, ஆனால் கொஞ்சம் கவனக்குறைவு. ஏறக்குறைய நான்கு தடவைக்கு ஒரு தடவை கரியமில வாயுவுக்குப் பதிலாக உயிர்க்காற்றைப் பிடித்துவிடும். வெயிலில் சூடு ஏற ஏறத் தவறும் கூடும். நம் பால்மரத்தின் இலையிலும் இதுதான் நடக்கிறது. அந்தத் தவறினால் பிறக்கும் கழிவுதான் கிளைக்கோலேட். அதைத் தூக்கி எறிந்தால் மரத்துக்கு நட்டம். ஆகவே மரம் அதைத் திருப்பிப் பயன்படுத்துகிறது.

1968-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோல்பர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் பசலைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு கீரையிலிருந்து பெராக்சிசோம்களைப் பிரித்தெடுத்தார்கள். கிளைக்கோலேட்டை மாற்றும் நொதி அந்தப் பையில் இருந்தது. அந்த வேலையின்போது ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற காரமான பொருள் பிறக்கும். பழைய தோட்ட மருத்துவமனையில் டிரெஸர் புண்ணைக் கழுவ ஊற்றினால் வெள்ளையாக நுரை பொங்குமே, அதேதான். இது உயிரணுவுக்குள் அலைந்தால் கண்டதையும் அரித்துவிடும். ஆகவே அதே பைக்குள் காட்டலேஸ் என்ற இன்னொரு நொதி காவலுக்கு நிற்கிறது. பிறந்த பெராக்சைடைப் பிறந்த இடத்திலேயே தண்ணீராகவும் உயிர்க்காற்றாகவும் உடைத்துவிடுகிறது. புண்ணில் பொங்கிய நுரையும் நம் இரத்தத்தில் உள்ள காட்டலேஸ் செய்த வேலைதான்.

பாசியில் என்ன நடக்கிறது? இங்கேதான் குழப்பம். 1956-இலேயே இதே டோல்பர்ட்டும் ஜில் என்பவரும் குளோரெல்லா என்ற நுண்பாசி வெளிச்சத்தில் கிளைக்கோலேட்டைத் தண்ணீருக்குள் வெளியே விடுவதைக் கண்டிருந்தார்கள். அப்படியானால் பாசிக்கு அதை மாற்றும் நொதி கிடையாதா? கிடையாது என்றவர்களும் இருந்தார்கள், கீரையில் இருப்பது போலவே இருக்கிறது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். 1970-இல் நெல்சனும் டோல்பர்ட்டும் பச்சைப் பாசிகளில் வேறொரு நொதியைக் கண்டார்கள். வேலை ஒன்றுதான், ஆள் வேறு. இந்த ஆள் வேலை செய்யும்போது பெராக்சைடு பிறப்பதில்லை. அது இருப்பதும் பெராக்சிசோமில் இல்லை. மூச்சறையான மைட்டோகாண்ட்ரியாவில் என்று பின்னால் தெளிவாயிற்று.

இதற்கிடையில் இரண்டாவது வழி வளர்ந்திருந்தது. உயிரணுவை உடைக்காமல், ஒரு மருந்தில் நனைத்து இருந்தது இருந்தபடியே அசையாமல் நிறுத்திவிடுவார்கள். உயிர் போய்விடும், ஆனால் நொதி தன் இடத்தில் தன் வேலையைச் செய்யும் திறனோடு இருக்கும். பிறகு டயமினோபென்சிடின் என்ற சாயப் பொருளையும் கொஞ்சம் பெராக்சைடையும் சேர்த்துக் கதகதப்பாக வைப்பார்கள். காட்டலேஸ் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பழுப்புக் கறை விழும். அந்தக் கறை கரையாது, நகராது. அதன்மேல் ஆஸ்மியம் என்ற உலோகச் சேர்மத்தை ஏற்றினால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கன்னங்கரேல் என்று தெரியும். 1969-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடரிக் என்ற பெண் ஆராய்ச்சியாளரும் நியூகோம் என்பவரும் புகையிலை இலையில் பெராக்சிசோம்களை இவ்வாறு கறுப்பாக்கிக் காட்டினார்கள்.

மாணவியே, இங்கே நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கறுப்பாகத் தெரிந்தால் அது காட்டலேஸ்தான் என்று எப்படி நம்புவது? வேறு எதுவோ சாயத்தைக் கறுப்பாக்கியிருக்கலாமே? சரியான சந்தேகம். மூச்சறையில் உள்ள வேறொரு நொதியும் இதே சாயத்தைப் பழுப்பாக்கக் கூடியதுதான். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தங்களைத் தாங்களே குறுக்கு விசாரணை செய்துகொள்கிறார்கள். பெராக்சைடு சேர்க்காமல் ஒரு துண்டு. அமினோட்ரையசோல் என்ற மருந்து சேர்த்து ஒரு துண்டு. இது களைக்கொல்லியாகப் பயன்பட்ட பொருள். காட்டலேசின் கையைக் கட்டிப் போட்டுவிடும். கை கட்டப்பட்ட துண்டில் கறை விழவில்லை, கட்டப்படாத துண்டில் விழுகிறது என்றால்தான் பெயர் சொல்லத் துணிவார்கள். உன் பாடநூலில் உள்ள அந்தச் சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் இத்தனை விசாரணை நடந்திருக்கிறது. படத்தோடு அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதாதது பாடநூல்காரர்களின் குறை என்றே நான் சொல்லுவேன்.

1972-இல் ஸ்டூவர்ட், ஃப்ளாயிட், மேட்டாக்ஸ், டேவிஸ் என்ற நால்வர் இந்தச் சாயமுறையைக் க்ளெப்சார்மிடியம் என்ற பாசியில் செய்து பார்த்தார்கள். இது நன்னீரிலும் ஈர மண்ணிலும் நனைந்த சுவரிலும் வளரும் சாதாரண இழைப்பாசி. பார்த்தால் ஒன்றும் விசேஷம் இல்லை. ஆனால் நுண்ணோக்கியில் வியப்பு காத்திருந்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே ஒரு பெராக்சிசோம்! பச்சையம் உள்ள தட்டுக்கும் நடுக்கருவுக்கும் இடையில் அது கறுத்துக் கிடந்தது. இலையில் ஓர் உயிரணுவில் பல பைகள் சிதறிக் கிடக்கும். இங்கே ஒன்றே ஒன்று, பச்சையத்தை ஒட்டி. கிளைக்கோலேட் பிறக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில்.

இப்போது இரண்டு வகைப் பாசி ஆயிற்று அல்லவா? மூச்சறையில் இந்த வேலையைச் செய்யும் பாசி ஒன்று, இலையைப் போலப் பெராக்சிசோமில் செய்யும் பாசி ஒன்று. எது எந்தப் பக்கம்? 1973-இல் ஃப்ரெடரிக், க்ரூபர், டோல்பர்ட் மூவரும் ஏராளமான செடிகளையும் பாசிகளையும் வரிசையாகச் சோதித்தார்கள். இரண்டு நொதிகளையும் பிரித்தறிய அவர்கள் பயன்படுத்திய பொருள்களில் ஒன்று, நாம் மரவள்ளியில் பார்த்த அதே சயனைடு. மிகச் சிறிய அளவு சேர்த்தால் மூச்சறை வகை நொதி நின்றுவிடும். இலை வகை நொதி அசையாமல் வேலையைத் தொடரும். இலை வகை இருப்பதாக முன்பு சொல்லப்பட்ட ஒரு குளோரெல்லாவும் சோதனையில் மூச்சறை வகையாகவே நின்றது. பழைய தீர்ப்பு மாறியது. தரையில் வாழும் பாசிப்புல் இனங்கள், பெரணிகள், பூக்கும் செடிகள் அனைத்தும் இலை வகை. பச்சைப் பாசிகளில் பல மூச்சறை வகை. ஆனால் ஸ்பைரோகைரா, நிட்டெல்லா, க்ளெப்சார்மிடியம் போன்ற சில மட்டும் இலை வகையில் சேர்ந்து நின்றன.

பின்னர் ஜெர்மனியில் ஸ்டாபெனாவ் என்பவரும் அவர் குழுவினரும் 1970-களிலும் 1980-களிலும் பாசிகளைப் பக்குவமாக உடைத்துச் சர்க்கரைப் பாகில் பிரித்தெடுத்தார்கள். ஸ்பைரோகைராவின் உறவான மௌஜியோஷியா என்ற பாசியில் அந்த நொதி பெராக்சிசோம் அடுக்கிலேயே வந்தது. உடைத்துப் பார்த்த வழியும் உடைக்காமல் பார்த்த வழியும் ஒரே இடத்தைக் காட்டின. ஒரு வழி மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன்.

இதில் என்ன பெரிய செய்தி என்கிறீர்களா? உறவு தெரிந்துவிட்டது. ஒரு குட்டையில் ஒரே பச்சையாக மிதக்கும் இரண்டு பாசிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று குளோரெல்லா, மற்றொன்று ஸ்பைரோகைரா. பார்வைக்கு இரண்டும் பாசி. ஆனால் ஸ்பைரோகைராவுக்கு நெருங்கிய உறவு பக்கத்தில் மிதக்கும் குளோரெல்லா அல்ல; கரையில் நிற்கும் பால்மரம்! உயிரணு இரண்டாகப் பிரியும் விதத்தை ஆராய்ந்தவர்களும் அதே காலத்தில் இதே பிரிவினையைத்தான் கண்டார்கள். பிறகு மரபணு எழுத்துக்களைப் படிக்கும் காலம் வந்தது. 2014-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் க்ளெப்சார்மிடியத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். தரைச் செடிகளுக்கு மிக நெருங்கிய பங்காளி ஸ்பைரோகைராவின் குடும்பமே என்பதை அதே ஆண்டில் வந்த மற்றொரு பெரிய ஆய்வும் 2019-இல் வந்த ஆய்வுகளும் காட்டின. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நொதி எந்தப் பைக்குள் இருக்கிறது என்று தேடியவர்கள் கையில் கிடைத்தது, தென்னைக்கும் செம்பனைக்கும் நெல்லுக்கும் மூதாதையர் எந்தக் குளத்திலிருந்து கரையேறினார்கள் என்பதற்கான ஒரு துப்பு.

எல்லாம் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. இப்போது இடம் கண்டுபிடிக்கப் புதிய வழிகள் உண்டு. ஒளிரும் ஒரு ஜெல்லி மீனிலிருந்து பெற்ற பச்சை ஒளிப் புரதத்தை, தேடும் நொதியின் வாலில் கட்டிவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும் பாசியிலேயே நொதி போகுமிடமெல்லாம் விளக்கும் போகும். இரவில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர் எந்த நிரையில் நிற்கிறார் என்று தூரத்திலிருந்தே தெரிவது போல. கிளாமிடோமோனாஸ் என்ற நன்னீர்ப் பாசியில் இப்படி ஒரே ஆய்வில் 135 புரதங்களின் இருப்பிடத்தை 2017-இல் வெளியிட்டார்கள். இதிலும் ஏமாற்றம் உண்டு. கட்டிய விளக்கின் பாரத்தால் நொதி தன் இடத்துக்குப் போகாமல் வழியில் நின்றுவிடலாம். ஆகவே பழைய குறுக்கு விசாரணை இங்கேயும் தேவைதான்.

மகளே, யார் பார்த்தார்கள் என்று கேட்டாய். நொதியை அதன் உருவத்தோடு அந்த அறையில் நேருக்கு நேர் பார்த்துவிட்டு யாரும் அம்புக்குறி போடவில்லை. பாகில் எந்த அடுக்கில் வந்தது, எந்தப் பையில் கறை விழுந்தது, கையைக் கட்டியபோது கறை நின்றதா என்று தடம் பார்த்துத்தான் போட்டார்கள். தடம் தவறாகப் படிக்கப்பட்டபோது அம்புக்குறியை மாற்றியும் இருக்கிறார்கள். அப்பாவிடம் இதைச் சொல். படித்தவர்கள் எழுதியதுதான், ஆனால் எழுதியதை மறுபடி மறுபடி சோதித்தவர்களும் படித்தவர்கள்தான்.

உன் வீட்டிலேயே நீ ஒரு தடம் பார்க்கலாம். மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் மூன்று விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சின்னப் புட்டி வாங்கிக்கொள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணில் படக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. ஓர் உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய முகத்தில் சில துளி விடு. காட்டலேஸ் இருப்பதால் நுரை பொங்கும். அதே கிழங்கின் தோல் உரியாத பக்கத்தில் சில துளி விட்டுப் பார். பிறகு நன்றாக வேகவைத்து ஆறிய துண்டு ஒன்றின் மேலும் விட்டுப் பார். மூன்றிலும் என்ன கண்டாய், ஏன் அப்படி என்று நினைக்கிறாய் என்பதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. குட்டையிலிருந்து ஒரு பிடி பச்சை நூல்பாசி கிடைத்தால் அதையும் ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு வெயிலில் வை. சிறிது நேரத்தில் இழைகளின் நடுவே குமிழி குமிழியாக நிற்கும். எங்கல்மனின் கிருமிகள் தேடி ஓடியது அந்தக் காற்றைத்தான்.